நாலு நிமிஷ மேகம்

சித்தூரில் நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீலுக்கு விமானம் ஓட்டத் தெரியும். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள். நம்பிய பிறகு எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அப்புறம் ஏன் கோர்ட்டுக்கு சைக்கிள்ல போறாரு?"

அவர் சைக்கிளில்தான் போவார். கறுப்புக் கோட்டை மடித்துக் கைப்பிடியில் போட்டுக்கொண்டு, ஒல்லியான நீண்ட கால்களால் நிதானமாக மிதித்துப் போவார். சொந்தமாக விமானம் எதுவும் அவரிடம் இல்லை. மதராஸில் மீனம்பாக்கத்தில் ஒரு பயிற்சிச் சங்கம் இருந்தது. அதன் விமானங்களைத்தான் ஓட்டுவார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடிகாலையில் ரயிலேறி, காட்பாடியில் வண்டி மாறி மதராஸ் போய், ஒரு மணி நேரம் பறந்துவிட்டு வருவார். மறுநாள் காலையில் சபையில் ஆராதனைக்கு முதல் ஆளாக உட்கார்ந்திருப்பார்.

மேலேயிருந்து கடலையும் கோபுரங்களையும் பார்த்துவிட்டு வருகிறார் என்று சித்தூரே நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆசையோடு கேட்டேன்.

"சமுத்திரம் மேலேந்து எப்படி சார் தெரியும்?"

"தெரியாதுப்பா. நான் பாத்து ஆறு வருஷம் ஆச்சு."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். அந்த விமானத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். மேலே கூரை கிடையாது. இவர் பின் இருக்கையில் உட்கார்ந்ததும் தலைக்கு மேல் ஒரு கான்வாஸ் மூடியை இழுத்து மூடிவிடுவார்கள், மாட்டு வண்டிக்குக் கூண்டு கட்டுகிற மாதிரி. அதற்குள் வானமும் தெரியாது, தரையும் தெரியாது. எதிரே பலகையில் ஐந்தாறு வட்டங்களும் அவற்றுக்குள் முட்களும்தான். ஒன்று வேகம் காட்டும், ஒன்று உயரம், ஒன்று திசை. விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காட்ட ஒரு முள். அவற்றை மட்டும் பார்த்து ஒரு மணி நேரம் ஓட்டவேண்டும். முன் இருக்கையில் பயிற்சியாளர் உட்கார்ந்து கடலையும் கோபுரத்தையும் பார்த்துக்கொண்டு வருவார். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் தப்பிப்பதற்கான பயிற்சி இது. எப்போதாவது தனியாகப் பறந்தால்கூட இவர் கண் முட்களை விட்டு நகராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வானத்தில் மேகம் இருந்தால் அந்தச் சங்கத்தில் விமானத்தை வெளியே எடுக்கமாட்டார்கள். ஆகவே மேகத்துக்காகத் தயாராகிற மனிதர், மேகமே இல்லாத நாளாகப் பார்த்துப் போய், வெயிலில் கூண்டுக்குள் வியர்த்துவிட்டு வருவார்.

"இப்படிப் பழகி என்ன சார் பிரயோஜனம்? மேகத்துக்குள்ள ஒருநாளாவது போயிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை."

"போவீங்களா?"

"முடிஞ்ச வரைக்கும் போகமாட்டேன்."

"பின்ன எதுக்கு?"

"அதுவா வந்து மூடிக்கிச்சுன்னா?" என்று சொல்லிவிட்டு வழக்குக் கட்டைப் பிரித்தார்.

பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதுதான் அவருடைய மதம் என்றே சொல்லலாம். சபைப் போதகர் இதை அறிந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். ஒருமுறை செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு கொலை வழக்கு இழுத்துக்கொண்டே போனதில் இரண்டு மாதம் மதராஸ் போக முடியவில்லை. மூன்றாம் மாதம் போனவர், தனியாகப் பறக்க மறுத்துவிட்டார். லைசன்ஸ் சட்டைப் பையில்தான் இருந்தது. "லைசன்ஸ் இருக்கு. எனக்கு ஓட்டத் தெரியுமான்னு இப்ப எனக்குத் தெரியாது," என்று சொல்லி, புதிதாகச் சேர்ந்தவர்களோடு வரிசையில் நின்று, பயிற்சியாளரிடம் பரீட்சை கொடுத்துத் தேறிய பிறகுதான் தனியாக ஏறினார். இதை அந்தப் பயிற்சியாளரே பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

எங்கள் ஆபீஸில் மரத்தால் செய்த ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அது கட்சிக்காரர்கள் உட்கார அல்ல. வருகிறவர்களின் கண்ணைத் துண்டால் கட்டி, அதில் உட்கார வைத்து, ஒரே சீராக மெதுவாகச் சுற்றுவார். முதலில் சுற்றுவது தெரியும். கொஞ்ச நேரத்தில் நாற்காலி நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் நின்றிருக்காது. பிறகு நிஜமாகவே நிறுத்துவார். உடனே நாற்காலி எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிற மாதிரி இருக்கும். என்னை உட்கார வைத்தபோது நான் "இப்ப இந்தப் பக்கம் சுத்தறீங்க சார்" என்று அடித்துச் சொன்னேன். கட்டை அவிழ்த்தார். நாற்காலி அசையாமல் நின்றது. அவர் மூன்று கெஜம் தள்ளி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காதுக்குள்ள இருக்கிற சமாசாரம் இது. கண்ணைக் கட்டிட்டா அது பொய் சொல்லும். பொய்யின்னு தெரியாமலே சொல்லும். அதனாலதான் அவ்வளவு உறுதியாச் சொல்லும்," என்றார்.

ஒரு போலீஸ் சப் இன்ஸ்பெக்டரை அதில் உட்கார வைத்தார். அவர் சுழன்றுகொண்டிருக்கும்போதே, நாற்காலி நின்றுவிட்டதாக நினைத்து "ஆகிப்போயிந்தி" என்று தெலுங்கில் கம்பீரமாக அறிவித்துவிட்டு எழுந்தார். எழுந்தவர் சட்டப் புத்தகங்களோடு சேர்ந்து தரையில் கிடந்தார். அதன் பிறகு ஆறு மாதம் அந்த ஸ்டேஷனில் எங்கள் கட்சிக்காரர்களுக்கு மரியாதை குறைந்துவிட்டது.

வக்கீலின் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருநாள் காபி கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "கொழந்தைக்கு நெத்தியைத் தொட்டுப் பாத்து ஜுரம்னு சொன்னா இவர் நம்பமாட்டாருப்பா. தெர்மாமீட்டர் வைக்கணும். வெச்சுச் சொன்னா, இன்னொரு தெர்மாமீட்டர்ல வெச்சுப் பாருன்னுவாரு. ரெண்டும் ஒண்ணாச் சொன்னாதான் டாக்டருக்கு ஆளனுப்புவாரு." அந்த வீட்டில் நிஜமாகவே இரண்டு தெர்மாமீட்டர்கள் இருந்தன.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று வக்கீல் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். யுத்தம் முடிந்த சமயத்தில் அவரோடு சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு சிநேகிதன் இருந்தானாம். மேகத்துக்குள் புகுந்து, மலையில் மோதிச் செத்துப்போனான்.

"சரியா ஓட்ட மாட்டாரா சார்?"

"என்னைவிட ரொம்ப நல்லா ஓட்டுவான். அவன் கையிலயே ஓட்டம் இருந்துது. அதனால முள்ளைப் பாக்கணும்னு அவனுக்குத் தோணலை."

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய், எல்லைத் தகராறு சூடாக இருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் நகரிக்குப் பக்கத்தில். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற தமிழ்க் குடும்பங்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க, மனுக்களைக் கேட்க ஓர் அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்ததும், ஊரை மதராஸோடு சேர்க்கவேண்டும் என்று ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் என் நைனா, அதாவது அப்பா. மகன் வக்கீலிடம் வேலை பார்க்கிறான் என்பதால் கமிட்டி நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தது.

"வக்கீலய்யா, எங்க ஊரு தமிழ் ஊரு. இதுக்கு இன்னா ருஜு வேணும்? இப்ப நான் பேசிக்கினு இருக்கறதே ருஜுதானே?" என்றார் நைனா.

"நீங்க பேசறது எனக்குக் கேக்குது. அதிகாரிக்குக் காகிதம் பேசினாத்தான் கேக்கும். உங்க ஊர்ப் பழைய நிலப் பதிவேடு எந்த பாஷையில இருக்கு? பத்திரங்கள் எந்த பாஷையில இருக்கு?"

"அதெல்லாம் எதுக்குங்க? உங்களுக்கே மனசுல தோணலியா, இது தமிழ் ஊருன்னு?"

"மனசுல தோணறது எதிர்க்கட்சிக்காரனுக்கும் தோணும்."

நைனாவின் முகம் சுருங்கிவிட்டது. வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏமிரா இவன்! தமிழனாப் பொறந்துட்டு இப்படிப் பேசறான்?" நைனாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். அதை நான் அப்போது சுட்டிக்காட்டவில்லை.

பழைய பதிவேடுகள் மதராஸில் இருந்தன. நானும் வக்கீலும் போய், அத்தாட்சி பெற்ற நகல்களுக்காக நான்கு நாட்கள் காத்திருந்தோம். விசாரணை திருப்பதியில் பயணியர் விடுதியில், சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு. நகல்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வந்தன. அன்று ராத்திரி கொட்டிய மழையில் அரக்கோணத்துக்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், காலையில் ரயில் இல்லை. வழியில் ஆற்றில் வெள்ளம், பஸ்ஸும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் முந்தின நாளே திருப்பதிக்குப் போய்விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கையில் மெழுகுசீலையில் சுற்றிய காகிதக் கட்டோடு ஸ்டேஷனில் நின்று கொண்டிருந்தேன்.

வக்கீல் வானத்தைப் பார்த்தார். கழுவி விட்ட மாதிரி நீலமாக இருந்தது.

"உனக்குப் பயமா இருக்குமா?" என்றார்.

"எதுக்கு சார்?"

"ஏரோப்ளேன்ல போக."

திருப்பதிக்குக் கிழக்கே ஒரு பெரிய வெட்டவெளி இருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை அங்கே இறங்கியிருக்கிறாராம். மீனம்பாக்கத்தில் பயிற்சியாளர் வடமேற்கே கையைக் காட்டி, "மலைப் பக்கம் மூடியிருக்கும்," என்றார். "மூடியிருந்தா திரும்பிடுவேன்," என்றார் வக்கீல். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். எனக்கு அது சம்பிரதாயப் பேச்சாகத்தான் பட்டது. இத்தனை வருஷமாக மேகத்துக்குப் பழகியவர் மேகத்தைக் கண்டு எதற்காகத் திரும்பவேண்டும்?

என்னை முன் இருக்கையில் வாரால் இறுகக் கட்டினார்கள். காகிதக் கட்டை வயிற்றோடு கட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து அவர் பேசுவது என் காதுக்கு வர ஒரு ரப்பர் குழாய் இருந்தது. என் எதிரிலும் அதே வட்டங்கள், அதே முட்கள்.

அரை மணி நேரம் நான் வாழ்க்கையில் பார்த்ததிலேயே அழகான காட்சியைப் பார்த்துக்கொண்டு போனேன். ஏரிகள் எல்லாம் நிரம்பித் தகதகவென்றிருந்தன. ரயில் பாதை அரித்துப்போன இடம்கூடத் தெரிந்தது. சின்னச் சின்ன மனிதர்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். திருத்தணி கோயில் குன்று இடதுபுறமாகப் போயிற்று. அதற்கப்புறம் நகரி மலை தெரியவேண்டும். தெரியவில்லை. மலை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது.

"திரும்பறேன்," என்றது குழாய்.

அவர் திரும்ப ஆரம்பிப்பதற்குள், கீழேயிருந்து புகை மாதிரி ஏதோ எழும்பி வந்து எங்களை மூடிக்கொண்டது. தரை போயிற்று. இறக்கையின் நுனி போயிற்று. முகத்தில் ஈரத் துணியைப் போட்ட மாதிரி இருந்தது. எங்கும் வெள்ளை.

எனக்குப் பயம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். விமானம் நேராக, அமைதியாக, ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. தற்செயலாக எதிரே பார்த்தேன். திரும்புவதைக் காட்டும் முள் இடதுபுறம் சாய்ந்து கிடந்தது. உயரம் காட்டும் முள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மழையில் கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது அவர் என்னவோ செய்தார். விமானம் சட்டென்று வலதுபுறம் கவிழ ஆரம்பித்தது. எனக்கு அப்படித்தான் இருந்தது. தலைகீழாக விழப்போகிறோம் என்று கத்தினேன்.

"சார்! சாயுது சார்! கவுந்துடும்!"

"முள் எங்க இருக்கு?"

"சார், சாயுது!"

"முள் எங்க இருக்குன்னு கேட்டேன்." கோர்ட்டில் சாட்சியைக் கேட்கிற அதே குரல். "திரும்பற முள். பாத்துச் சொல்லு."

பார்த்தேன். "நடுவுல... நடுவுல இருக்கு சார்."

"வேகம்?"

சொன்னேன்.

"உயரம் எறங்குதா?"

"இல்லை. நிக்குது."

"அப்ப நாம நேரா இருக்கோம். இப்ப வலது பக்கம் மெதுவாத் திருப்பறேன். வந்த பக்கமே திரும்ப ஒரு நிமிஷம் ஆகும். நீ முள்ளை மட்டும் படிச்சுக்கிட்டே வா. வேற எதையும் சொல்லாதே."

படித்தேன். வாய் முள்ளைப் படிக்க, உடம்பு ஒரு கிணற்றுக்குள் சுழன்று விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எங்கோ, கைக்கெட்டுகிற தூரத்தில், மலை இருந்தது. அவர் வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தது குழாயில் கேட்டது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. முள் நடுவுக்கு வந்தது. பிறகு திரை கிழிந்த மாதிரி வெளிச்சம் வந்தது. கீழே ஓர் ஏரிக்கரை. ஒருவன் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். அவன் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதுபோல் இருந்தது. சாய்ந்திருந்தது என் மண்டைதான்.

மீனம்பாக்கத்தில் இறங்கி இயந்திரம் நின்ற பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பறந்த நேரத்தைக் குறிக்கிற புத்தகத்தை எடுத்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். கூண்டுக்குள் பழகிய மணி நேரங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. நிஜ மேகத்துக்கான பத்தி முதல் பக்கத்திலிருந்தே காலியாக இருந்தது. அதில் முதன்முதலாக எழுதினார்: நாலு நிமிஷம். எழுத்து அச்சு மாதிரி இருந்தது. பிறகு இறங்குவதற்காகக் காலைக் கீழே வைத்தார். புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் கையைக் குடுப்பா," என்றார்.

தந்தி கொடுத்தோம். அது இரண்டு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது; நாங்களும் ஏறக்குறைய அதோடுதான் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை திருப்பதியில் நடந்தது இதுதான்: எங்கள் ஊர்க்காரர்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை மழையில் விடுதி வாசலில் நின்றிருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு பியூன் வந்து, அதிகாரி வரவேண்டிய ரயிலும் நின்றுபோனதால் விசாரணை தள்ளிப்போடப்பட்டது என்று தெலுங்கில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறான். அதாவது நாங்கள் மேகத்தைத் தாண்டிப் போயிருந்தாலும், காகிதத்தைக் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

"நீங்க எங்கடா போயிட்டீங்க?" என்றார் நைனா.

"ஏரோப்ளேன்ல வந்தோம் நைனா. வழியில மேகம். திரும்பிட்டோம்."

அந்த வாக்கியத்தை நான் வேறு மாதிரி சொல்லியிருக்கவேண்டும்.

சில வாரம் கழித்து விசாரணை நடந்தது. வக்கீல் முதல் நாளே போய்த் தங்கி, காகிதங்களை ஒன்றுவிடாமல் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசினார். அதிகாரியே தலையாட்டிக் கேட்டார். நைனாவும் பக்கத்தில் இருந்து கேட்டார். அப்புறம் எங்கெங்கோ யார் யாரோ பேசி, கோடு போட்டு முடித்தபோது எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருந்தது. எங்களைவிட நல்ல காகிதம் வைத்திருந்த ஊர்களும் இருந்தன, காகிதமே இல்லாமல் மதராஸுக்குப் போன ஊர்களும் இருந்தன.

ஆனால் ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதிகாரி வராதது மெல்ல மறந்துபோயிற்று. இரண்டாவது விசாரணையும் மறந்துபோயிற்று. வக்கீல் மேகத்துக்குப் பயந்து பாதி வழியில் திரும்பியதுதான் மிஞ்சியது.

தீர்ப்பை விளக்கிச் சொல்ல அவர் ஊருக்கு வந்தார். வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கூட்டம். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். நைனா எழுந்தார்.

"வருஷக் கணக்கா மேகத்துல ஓட்டறதுக்குப் பழகிக்கினு இருந்தீங்களாமே, வக்கீலய்யா. எங்களுக்குன்னு ஒருநாள் மேகம் வந்துச்சு. நீங்க இன்னா பண்ணீங்க?"

"திரும்பினேன். அதுக்குத்தான் பழகினேன்."

கூட்டத்தில் சிரித்தார்கள். அவர் கிண்டல் செய்யவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"அன்னைக்கு அதிகாரியே வரலைங்க," என்றேன் நான்.

"அவன் வரலைங்கறது இவருக்கு அப்பத் தெரியுமா? தெரியாதில்ல?" என்றார் நைனா. அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கூட இருந்தியேடா. நீ சொல்லு. பொய் சொல்லாம சொல்லு. அந்த மேகத்துக்குள்ள போனப்ப ஏரோப்ளேன் ஆடிச்சா? விழற மாதிரி இருந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வக்கீலும் பார்த்தார்.

"மொதல்ல ஒண்ணும் தெரியலை நைனா. நேராப் போயிக்கினு இருக்கற மாதிரிதான் இருந்துச்சு. அவரு திருப்ப ஆரம்பிச்சப்புறம்தான் விழற மாதிரி ஆயிடுச்சு. ஆனா முள்ளு..."

"கேட்டீங்களா!" என்றார் நைனா கூட்டத்தைப் பார்த்து. "நேராப் போயிக்கினு இருந்துதாம். இவரு திருப்பினப்புறம்தான் கெட்டுப்போச்சாம்."

"முள்ளு சாஞ்சிருந்துச்சு நைனா, நான் என் கண்ணால..."

"முள்ளாம்டா முள்ளு!"

அதற்கு மேல் என் குரல் எடுபடவில்லை. வக்கீலுக்காக ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். மேகத்துக்குள் நுழைந்ததுமே சாய்ந்து விழ ஆரம்பித்தோம், அவர்தான் காப்பாற்றினார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல, நடந்தது அதுதான். ஆனால் நான் உணர்ந்ததை அல்லவா கேட்டார்கள்.

"வக்கீலய்யா, உங்க குமாஸ்தாதான் சொல்றான். இதுக்கு இன்னா சொல்றீங்க?"

அவர் பெஞ்சிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்கு சரியாக வந்த மாதிரி ஒரு திருப்திகூட இருந்தது.

"சாட்சி உண்மையைத்தான் சொல்றாரு. நான் குறுக்கு விசாரணை பண்ணலை," என்று சொல்லிவிட்டு, ரயிலில் கொண்டுவந்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

ஊர் தன் வழக்குகளையெல்லாம் வேறு வக்கீலுக்கு மாற்றிக்கொண்டது. அவன்கிட்ட இனிமே வேலை பார்க்கக் கூடாது என்று நைனா சாப்பிடாமல் இரண்டு நாள் படுத்தார். நான் விலகி, திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்தர் வேலைக்குப் போனேன். வக்கீல் எனக்கு எழுதிக்கொடுத்த நற்சான்றிதழில், "தாம் உணர்ந்ததை உணர்ந்தபடியும் பார்த்ததைப் பார்த்தபடியும் பிரித்துச் சொல்லக்கூடியவர்" என்று இருந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இது பாராட்டா என்று கேட்டார்.

மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை காட்பாடி ஜங்ஷனில் அவரைப் பார்த்தேன். கண்ணாடி தடித்துப்போயிருந்தது. மதராஸ் வண்டிக்குக் காத்திருந்தார்.

"இன்னும் கூண்டுக்குள்ளதானா சார்?"

"பழக்கம் விட்டுப்போகக் கூடாது இல்லையா?"

"அப்புறம் மேகம் ஏதாவது...?"

"இல்லை. நாலு நிமிஷம்தான்." கொஞ்சம் யோசித்தார். "போதும்," என்றார். அடுத்த வருஷம் கண் பரீட்சையில் தேறாமல் லைசன்ஸ் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

அதற்கும் பிறகு ஒரு மார்கழியில், நைனாவை அழைத்துக்கொண்டு திருமலைக்குப் போனேன். மலைப் பாதையில் பாதி தூரத்தில் பனி மூடிக்கொண்டது. பஸ்ஸுக்கு முன்னால் பத்தடி தெரியவில்லை. டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டார். தரிசனத்துக்கு நேரமாகிறது என்று பின்னால் இருந்தவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கத்த ஆரம்பித்தார்கள். தினம் ஓட்டுகிற பாதைதானே, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமே என்றார் ஒருவர்.

நைனா எழுந்து நின்றார். வயது எழுபதுக்கு மேல். குரல் மட்டும் குறையவில்லை.

"யோவ், உக்காருய்யா! கண்ணு தெரியாத எடத்துல எப்படிய்யா ஓட்டுவான்? பள்ளத்துல உழுந்தா உன் பொண்டாட்டி புள்ளைக்கு யாரு பதில் சொல்றது? நிறுத்தனான் பாரு, அவன் டிரைவரு!" டிரைவரைப் பார்த்து, "நீ நில்லுப்பா. எவ்ளோ நேரமானாலும் நில்லு," என்றார்.

பஸ் அடங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் பனி விலகி, கீழே சமவெளி வெயிலில் விரிந்தது. டிரைவர் வண்டியை எடுத்தார். நைனா ஜன்னல் வழியாகக் கிழக்கே கையை நீட்டினார்.

"அதோ, அந்தாண்டைதான் நம்ம ஊரு. மதராஸுல இருக்கவேண்டியது. அந்த வக்கீலு மட்டும் அன்னைக்குத் திரும்பாம வந்திருந்தான்னா..."

என்னால் அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை.

"வந்திருந்தா நான் இன்னைக்கு உன் பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன் நைனா. செத்திருப்பேன்."

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், பிள்ளைக்கு ஞாபகம் மங்கிவிட்டது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"நீ எப்படிடா செத்திருப்பே?" என்றார். "நேராத்தான் போயிக்கினு இருந்துச்சுன்னு நீதானே சொன்னே?"